தட்டிப் பார்த்து வைத்த மூட்டு

என்னைப் பார்க்க வருகிறவர்கள் சாத்துக்குடிப் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டுவிடுகிறார்கள். வலி எப்படி இருக்கிறது என்பதல்ல அது. எந்த மூட்டு வைத்தார்கள் என்பதுதான். சுற்றுகிற மூட்டா, சுற்றாததா, சம்மணம் போடலாம் என்று விளம்பரத்தில் வருகிறதே அதுவா, பீங்கான் மேற்பரப்பு உள்ளதா என்று ஜவுளிக்கடையில் புடவை விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் தங்கள் முட்டியைத் தடவிக்கொண்டேதான் கேட்கிறார்கள். அதனால் எனக்கு எரிச்சல் வருவதில்லை. நானும் அப்படித் தடவிக்கொண்டு பலரிடம் போய் நின்றவள்தான். ஆனால் ஒவ்வொருவருக்கும் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆகவே எழுதி வைக்கிறேன்.

என் பெயர் அஞ்சலை. விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் கம்பெனியில், தரம் பிரிக்கிற கொட்டகையில் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கோப்பைகளைச் சுற்றிக் கட்ட மூட்டை மூட்டையாக வருகிற பழைய பேப்பரில்தான். ஒரு செய்தியின் தலை கையில் இருக்கும், வால் வேறொரு கோப்பையோடு லாரி ஏறியிருக்கும். மிச்சத்தை நானே யோசித்து முடித்துக்கொள்வேன். பாதி தெரிந்ததும் முழுசாகத் தெரிந்த மாதிரிப் பேசுகிற பழக்கம் அப்படி வந்ததுதான். ஆஸ்பத்திரியில் அது என்னை நன்றாகக் கவிழ்த்தது.

என் வேலை இதுதான். சூளை திறந்து சாமான் ஆறியதும் கொட்டகைத் தரையில் வைக்கோல்மேல் பரப்பிவிடுவார்கள். நான் சாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கோப்பையாக எடுத்து, விரல் நீளக் குச்சியால் ஒரு தட்டு தட்டுவேன். 'ணங்' என்றால் பாஸ். 'டொப்' என்றால் உள்ளே எங்கோ முடி மாதிரிக் கீறல் ஓடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. வெந்நீர் ஊற்றினால் ஒருநாள் பிளந்துவிடும். அது உடைசல் கூடைக்குப் போகும். கீறல் இல்லாமல் மேலே புள்ளியோ கோணலோ இருந்தால் செகண்ட்ஸ், அதாவது இரண்டாம் தரம். இந்த வேலைக்குக் காது வேண்டும், தரையில் உட்கார முட்டி வேண்டும். காது இருக்கிறது. இடது முட்டி இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது.

மாத்திரை, தைலம், முட்டிக்குள் ஊசி எல்லாம் ஆயிற்று. கடைசியில் புதுச்சேரிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். இரண்டு எலும்புக்கும் நடுவே வழுவழுப்பான குருத்தெலும்பு மெத்தை மாதிரி இருக்குமாம். படத்தில் அந்த இடம் கறுப்புக் கோடாகத் தெரிய வேண்டும். எனக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் கோடு இருந்தது. உள்பக்கம் எலும்பும் எலும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. முட்டியை மாற்றிவிடலாம் என்றார். மாற்றுவது என்றால் முழுக் காலையும் எடுப்பதல்ல, தேய்ந்த முனைகளைச் சீவி எடுத்துவிட்டு அதன்மேல் உலோகத் தொப்பி மாட்டுவது என்று பொறுமையாகச் சொன்னார். எனக்குச் 'சீவி' என்ற வார்த்தைக்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை.

பயம் காலைப் பற்றியது மட்டுமில்லை. எங்கள் முதலாளி நல்லவர். ஆனால் தை பிறந்ததும் பெரிய ஆர்டர் ஒன்று வர இருந்தது. "அதுவரைக்கும் உன் எடத்துல யாரையும் ஒக்கார வெக்கல அஞ்சல. அப்பறமும் கீழ ஒக்கார முடியலன்னா நீயே வந்து சொல்லிடு, நான் சொல்ற மாரி வெச்சிக்காத" என்று சொல்லியிருந்தார். முப்பது வருடம் உட்கார்ந்த சாக்கு அது. அதை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. ஆகவே எனக்கு வேண்டியது நடக்கிற முட்டி அல்ல, உட்காருகிற முட்டி.

இரண்டாம் தடவை போனபோது என் கொழுந்தனார் மனைவி தனம் துணைக்கு வந்தாள். அவளும் எங்கள் கொட்டகையில்தான், பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் சுற்றுகிறவள். டாக்டர் மேசைமேல் மூன்று மாதிரி மூட்டுகளை வரிசையாக வைத்தார். எல்லாவற்றிலும் தொடை எலும்புக்கு ஒரு பளபளப்பான தொப்பி, கீழ்க்கால் எலும்புக்கு ஒரு தட்டு, இரண்டுக்கும் நடுவே வெள்ளைப் பிளாஸ்டிக். போன மெத்தைக்குப் பதில் அந்தப் பிளாஸ்டிக்தான் மெத்தை.

முதல் மாதிரியில் பிளாஸ்டிக் தட்டோடு பூட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. இரண்டாவதில் அது தட்டின்மேல் கொஞ்சம் திரும்பியது, சக்கரத்தில் வைத்த களிமண் மாதிரி. திரும்பி நடக்கும்போது பிளாஸ்டிக்கும் சேர்ந்து திரும்பும், தேய்மானம் குறையலாம் என்று செய்தது, ஆனால் நடக்கிறவருக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை என்றார். முட்டிக்குள் குறுக்கே ஓடுகிற நார்கள் இரண்டில் பின்பக்க நாரை அப்படியே விட்டுவைக்கிற வகையும் உண்டாம், அதை எடுத்துவிட்டு நடுவில் ஒரு முளை வைத்து அந்த வேலையை முளையைச் செய்யவைக்கிற வகையும் உண்டாம். எது என்பதை முட்டியைத் திறந்து பார்த்து நாரின் நிலைமையை வைத்துத்தான் முடிவு செய்வேன் என்றார். மூன்றாவதின் தொப்பி கறுப்பாக மின்னியது. உள்ளே உலோகம், மேற்பரப்பு மட்டும் பீங்கானாக மாற்றியது.

இதற்கு நடுவில் வழவழத் தாளில் ஒரு விளம்பரம் வேறு. அதில் ஒரு மீசைக்காரர் சம்மணம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அந்த மீசைக்காரர்மேல் விரலை வைத்து, கீழே உட்கார வைப்பது எது என்று மட்டும் கேட்டேன்.

டாக்டர் தாளை ஒதுக்கி வைத்தார். "எதுவும் சத்தியம் பண்ணாதும்மா. இப்ப உங்க முட்டி எவ்வளவு மடங்குதோ, அப்பறமும் ஏறக்குறைய அவ்வளவுதான் மடங்கும். டிசைன் கொஞ்சம் கூடக் குறைய உதவலாம். தினமும் தரையில ஒக்காருங்கன்னு நான் எந்த மூட்டுக்கும் சொல்ல மாட்டேன்."

அந்த நிமிஷம் என் சாக்கை யாரோ சுருட்டி எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் மூன்றாவது மாதிரியை எடுத்தேன். கையில் இருந்த வீட்டுச் சாவியால் கறுப்புத் தொப்பியில் ஒரு தட்டு தட்டினேன். டொப்.

இன்னொரு தட்டு. டொப்.

முப்பது வருடக் காது. அதை மேசைமேல் வைத்தேன். அப்புறம் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெளியே காத்திருக்கிற கூடத்தில் கம்மாபுரத்துச் சரோஜா உட்கார்ந்திருந்தார். போன தடவை வந்தபோது பழக்கமானவர். அவருக்கும் முட்டி, அதே டாக்டர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே காட்டுகிற மூட்டில் கீறல் இருக்கிறது, நான் தட்டிப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். "நெசமாவா? எம் மவன் நாள் குறிச்சிட்டான்மா" என்று அவர் முகம் வெளுத்தது. மருமகளைக் கூப்பிட்டுக்கொண்டு அன்றைக்கே எழுந்து போய்விட்டார்.

மூன்று வாரம் போனது. வீட்டிலிருந்து கம்பெனிக்கு நடக்கிற தூரத்தில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். நின்றால் வலி, நடந்தால் வலி, உட்கார்ந்து எழுந்தால் கண்ணில் பூச்சி பறந்தது. கொட்டகையில் என்னால் தரைக்கு இறங்க முடியாமல் மேசை ஓரமாக நின்றே தட்டினேன். ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொள்ள வேண்டியிருந்ததால் கோப்பையை இடுப்போடு சேர்த்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு நாள் வந்த சாமான் எல்லாம் மோசம். டொப், டொப், டொப். உடைசல் கூடை ரொம்பிக்கொண்டே வந்தது. சூளையில் காற்றுப் புகுந்துவிட்டது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தனம் கூடையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தாள். பிடியை இரண்டு விரல் நுனியில் தொங்கவிட்டுத் தட்டினாள். ணங். இன்னொன்று. ணங். பதினோரு கோப்பையைத் தட்டி வரிசையாக என் முன்னால் வைத்தாள்.

"அக்கா, கப்பு கழுத்த நெரிக்கிற மாரி புடிச்சிருக்கீங்க. அது எப்பிடி வாயத் தொறக்கும்?"

கொட்டகையில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்வதே அதுதான். உள்ளங்கை பட்டால் நல்ல சாமானும் ஊமையாகிவிடும், நுனி விரலில் பிடி என்று. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தனம் அதோடு விடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அன்னிக்கி டாக்டரு ரூம்லயும் இப்பிடித்தாங்க்கா புடிச்சிருந்தீங்க. அடியில பிளாஸ்டிக்கு வேற ஒட்டிக்கினு இருந்திச்சி. ஒங்க மூஞ்சியப் பாத்துட்டு நான் வாயத் தொறக்கல."

மறுநாளே வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று பயந்தேன். அவர் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டுக் கறுப்புத் தொப்பியை மட்டும் என் கையில் கொடுத்தார். நுனி விரலில் பிடித்துச் சாவியால் தட்டினேன். அறை முழுக்க மணி மாதிரிக் கேட்டது. மேலே பூசிய மெருகு சில சமயம் உள்மண்ணோடு ஒத்துப்போகாமல் சில்லுச்சில்லாக விரியும், இதுவும் அப்படி உரியுமா என்று கேட்டேன். இது பூசியதல்ல, சூட்டில் அந்த உலோகத்தின் மேல்தோலே மாறியது என்றார். நிக்கல் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு இதை யோசிப்போம், உங்களுக்கு அவசியமில்லை என்றார். கடைசியில் அவர் சொன்னது முதல் மாதிரிதான். பிளாஸ்டிக் அசையாத, சாதாரண உலோக மூட்டு. நான் ஏன் என்று கேட்டதற்கு, தன் கை அதிகம் வைத்துப் பழகியது அது என்றார். கைப்பழக்கம் என்றால் என்ன என்று எங்கள் கொட்டகையில் யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. காப்பீட்டு அட்டையிலும் அது அடங்கியது. வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டது பக்கத்து அறைக்கே கேட்டிருக்கும்.

வெளியே வந்து முதல் வேலையாகச் சரோஜாவுக்குப் போன் போட்டேன். என் காதை நம்பி எழுந்து போன மனுஷி. தப்பு என்னுடையது, மூட்டுக்குக் கீறல் இல்லை, என் பிடிதான் சரியில்லை என்று சொன்னேன். "மூணு வாரமா வூட்டுல சண்டை. நீ சொன்னன்னு சொன்னா யாரு அந்த அம்மா, பெரிய டாக்டரான்னு மவன் கேக்குறான். இப்ப நான் இன்னா பதில் சொல்றது?" என்றார். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம் பரிசோதனைகள். ரத்தம், சர்க்கரை, இதயத்துக்கு எக்கோ, பல்லைக்கூட விடவில்லை. உடம்பில் எங்கேயாவது கிருமி இருந்தால் அது ரத்தத்தில் போய்ப் புது மூட்டில் உட்கார்ந்துகொள்ளுமாம். எனக்குச் சிறுநீரில் கிருமி இருந்து ஆபரேஷன் ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த ஒரு வாரம் நான் குடித்த தண்ணீரையும் கும்பிட்ட சாமிகளையும் எண்ண முடியாது. தை நெருங்கிக்கொண்டே வந்தது.

ஆபரேஷன் அன்று முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே உடம்பு என்னுடையதில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் விழிப்பு இருந்தது. முகத்துக்கு முன்னால் பச்சைத் திரை. வலி இல்லை, சத்தம் மட்டும். முதலில் ரம்பம் மாதிரி ஒரு இரைச்சல். நான் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் தெருவில் மரக்கடை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சுத்தியல்.

டப். டப். டப்.

என் காது தானாக நிமிர்ந்துகொண்டது. டப் என்றால் இன்னும் இடம் கொள்ளவில்லை. எங்கேயோ இடுக்கு இருக்கிறது. இது கோப்பை இல்லை, கூடையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க முடியாது. மறுபடியும் டப். பிறகு டக். பிறகு ஒரே ஒரு அடி, டங். சுத்தமாக, கெட்டியாக.

"டாக்டரு, இப்ப சரியா ஒக்காந்துடுச்சு" என்றேன். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நொடி எல்லாக் கையும் நின்றது.

"எப்பிடிம்மா தெரிஞ்சுது?"

"சத்தம் மாறிச்சுங்க."

"நானும் அதைத்தாம்மா கேட்டுக்கிட்டு இருந்தேன்."

மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து கட்டியாகுமாம், அதற்காகப் பாதத்தை ஆட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். முட்டியை மடக்க வந்த பெண் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வலிச்சா சொல்லுங்கம்மா. நிறுத்த மாட்டேன், ஆனா சொல்லுங்க." தனம் தினமும் பஸ்ஸில் ரசம் சாதம் கொண்டுவந்தாள். அவள் வீட்டு மிளகு கொஞ்சம் அதிகம், சொன்னால் கோபித்துக்கொள்வாள் என்று தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டேன்.

என் வீட்டுக்காரர் பேச்சு குறைவான மனிதர். கம்பெனியில் கோப்பை வார்க்கிற அச்சுச் செய்கிறவர். எனக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் ஒரு வேலை செய்தார். கோப்பையின் வளைவு சரியா என்று பார்க்க அட்டையில் வெட்டி வைத்துக்கொள்கிற மாதிரி, ஒவ்வொரு நாளும் என் முட்டி மடங்குகிற அளவுக்கு மருந்துப்பெட்டி அட்டையை வெட்டித் தலையணைக்கு அடியில் வைத்தார். முதல் நாள் அட்டை கிட்டத்தட்ட நேர்க்கோடு. நான்காம் நாள் அட்டையில் முழங்கை மாதிரி ஒரு மடிப்பு தெரிந்தது.

பக்கத்துக் கட்டிலுக்குச் சரோஜா வந்து சேர்ந்திருந்தார், எனக்கு ஒரு நாள் பின்னால். மகன் பிடிவாதமாகச் சுற்றுகிற மூட்டுதான் வேண்டும் என்று வைக்கச் சொல்லியிருந்தான். என் வீட்டுக்காரரை அவர் விடவில்லை. "எனக்கும் ஒரு அட்ட வெட்டுங்கண்ணே. எது நல்ல மூட்டுன்னு பாத்துடுவோம்." இரண்டு கட்டிலுக்கும் நடுவே பந்தயம் மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்குப் போகிற அன்று அவர் அட்டையை என் அட்டைமேல் வைத்துப் பார்த்தோம். ஒரு நூல் அளவு என்னுடையது கூட, அவ்வளவுதான். அதுவும் நான் ஒரு நாள் முன்னால் ஆரம்பித்ததால் என்று சரோஜா சாதித்தார். எங்கள் இரண்டு பேருக்கு அப்படி. வேறு யாருக்கு எப்படியோ, அது அவரவர் டாக்டரைக் கேட்க வேண்டியது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான பயம். ஒரு நாள் வாசற்படி ஏறும்போது முட்டிக்குள் டொக் என்று ஒரு சத்தம். அப்படியே நின்றுவிட்டேன். கீறல் விட்டுவிட்டது என்றே நினைத்தேன். மறுபடி ஒரு படி. டொக். வீட்டுக்காரர் முகம் எனக்குமேல் வெளுத்தது. பாதி தெரிந்ததை வைத்து நானே முடித்துக்கொள்ளக் கூடாது என்று இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். உலோகம் பிளாஸ்டிக்கில் தொடுகிற சத்தம், பலருக்கும் வருவது, வீக்கமோ காய்ச்சலோ புது வலியோ சேர்ந்து வந்தால் உடனே வாருங்கள் என்றார்கள். சரோஜாவைக் கேட்டேன். அவருக்கும் டொக். சுற்றுகிற டொக்.

தை பிறந்தது. டாக்டர் சொன்னபடியே ஆயிற்று. நடக்கிறேன், கம்பெனிக்கு நடுவில் நிற்காமல் நடக்கிறேன். சம்மணம் இல்லை. நானே போய் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் போனில் ஆர்டரைப் பற்றிப் பேசப் போய்விட்டார். முடிந்தது என்று கொட்டகைக்குத் திரும்பினேன்.

கொட்டகையில் தட்டுகிற சத்தமே இல்லை. என் சாக்கு இருந்த இடத்தில், சூளைக்குள் சாமான் அடுக்குகிற பழைய சுட்டமண் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பலகை போட்டு, பலகையில் அதே சாக்கை மடித்து விரித்திருந்தார்கள். வீட்டுக்காரர் உயரத்தைச் சரிபார்க்க என் கடைசி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முதலாளிதான் பெட்டிகளைக் கொடுத்தாராம்.

அவ்வளவு உயரத்திலிருந்து தரைச் சாமானுக்குக் கை எட்டாது என்றேன். தனம் வைக்கோல் ஓரமாகத் தான் உட்கார்ந்து, ஒரு கோப்பையை இரண்டு விரல் நுனியில் பிடித்து மேலே நீட்டினாள்.

வாங்கித் தட்டினேன். ணங். அடுத்தது. ணங். மத்தியானம் வரைக்கும் அவள் கொடுக்க, நான் தட்ட. சாப்பாட்டுக்கு எழுந்தபோது முட்டி டொக் என்றது. கொட்டகையில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, அது செகண்ட்ஸா?" என்றாள் தனம்.

"பாஸுடி. உள்ள வெக்கிறப்பவே நான் சத்தம் கேட்டுட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். வாசல்வரைக்கும் போகிறபோது இன்னும் இரண்டு டொக் கேட்டது. ஒவ்வொன்றையும் நின்று கேட்டுக்கொண்டுதான் அடுத்த அடி வைத்தேன்.